மஞ்சப்பையில் மிச்சமிருக்கும் மாத்திரைகள்

சுகர் இறங்கவில்லை என்று டாக்டர் மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்னால் வீட்டில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மாத்திரை வைத்திருக்கும் மஞ்சப்பையைப் பாயில் கவிழ்த்து, அட்டைகளைப் பிரித்து எண்ணுங்கள். காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்றால் 30 நாளைக்கு 60. மாதக் கடைசியில் 22 மிச்சம் கிடந்தால் உள்ளே போனது 38தான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடவே இல்லை.

இது தெரியாமல் டாக்டர் எச்பிஏ1சி ரிப்போர்ட்டைப் பார்க்கிறார். அது ரத்தத்தில் மூன்று மாத சுகரின் சராசரி; 9.5 என்று காட்டும். இருக்கிற மருந்து போதவில்லை என்று சுகரை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதுகிறார். அடுத்த மாதம் மகளோ மருமகளோ பக்கத்தில் நின்று வேளை தவறாமல் மாத்திரை கொடுக்க ஆரம்பித்ததும் சுகர் 70-க்குக் கீழே சரிகிறது. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு. வீட்டில் எல்லாரும் ‘பயந்துட்டாக’ என்று திருநீறு பூசி உட்கார வைக்கிறார்கள். அந்த நேரத்தில் வேண்டியது மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர். 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்த்து, இன்னும் ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108.

மாத்திரை ஏன் மிஞ்சுகிறது? கேட்டால் ‘மறந்துருச்சு’ என்பார்கள். பாதி உண்மை. மற்ற பாதியைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

அதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, சுகர் மேலேயே வரும் சலிப்பு. ‘எத்தன வருசந்தான் முழுங்குறது, கல்யாண வீட்ல ஒரு வாய் கேசரிக்கு இத்தன பேச்சா’ என்கிற அலுப்பு. இதற்கென்றே 20 கேள்விகள் கொண்ட அளவுகோலை 1995-ல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் பொலான்ஸ்கியும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் கொண்டுவந்தார்கள். இந்தச் சலிப்புக்கு மனநல மாத்திரை பெரும்பாலும் தேவையில்லை. மாத்திரை எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா, சாப்பாட்டுக் கட்டுப்பாட்டில் எது நிஜமாக அவசியம் என்று டாக்டர் உட்கார்ந்து பேசினாலே பாதி பாரம் இறங்கும். இன்னொன்று, மனச்சோர்வு நோய். அதில் சுகர் மட்டுமல்ல, எதுவுமே பிடிக்காது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மாரடைப்பு வந்து மீண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இருக்கிறது. அவர்கள் நிலைமை மோசமாகும் ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் மனச்சோர்வையும் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்க இதய சங்கம் 2014-லேயே சொல்லிவிட்டது.

மாத்திரை ஒழுங்காகப் போட்டாலும் மனக்கஷ்டம் தனியாகவும் சுகரை ஏற்றும். கார்டிசால், அட்ரினலின் என்ற மன அழுத்த ஹார்மோன்கள் இரண்டும் கூடும்போது ஈரல் தன்னிடம் இருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடுகிறது, இன்சுலினும் சரியாக வேலை செய்யாமல் போகிறது. ‘ராத்திரி ரெண்டு இட்லிதான் சாப்ட்டேன், காலைல 210 காட்டுது’ என்பவர் பொய் சொல்லவில்லை. தூக்கம் கெட்டாலும் இதே கதைதான். மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் ராத்திரி லோடு இறக்கிவிட்டு, ஒரு மணிக்கு பரோட்டா சாப்பிட்டு, பகலில் நாலு மணி நேரம் மட்டும் தூங்குகிறவருக்குக் காலை வெறும் வயிறு, சாப்பாட்டுக்குப் பின் என்ற கணக்கே பொருந்தாது. அவருடைய வேலை நேரத்தைக் கேட்டுத்தான் மாத்திரை நேரத்தை எழுத வேண்டும்.

எல்லாவற்றையும் மனசு மேலே போடுவதும் தப்பு. எனக்கு இதில்தான் ரொம்ப ஆதங்கம். ஒரே அசதி, எதிலும் நாட்டமில்லை என்றால் முதலில் தைராய்டுக்கு டிஎஸ்எச், ஹீமோகுளோபின், பி12 மூன்றையும் பார்த்துவிட வேண்டும். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையைப் பல வருஷம் போடுபவர்களுக்கு பி12 குறையலாம். அது கால் மரத்துப்போவதையும் கொண்டுவரும், மனசையும் சோர்த்துவிடும். சுகர்க்காரருக்கு மாரடைப்பே பெரிய வலி இல்லாமல், மூச்சு வாங்கி, வியர்த்து வரக்கூடும். அதை ‘டென்ஷன்’, ‘கேஸ்’ என்று சொல்லி சோடா குடிக்க வைக்காதீர்கள். முதலில் ஈசிஜி, டென்ஷனைப் பற்றிப் பிறகு பேசலாம்.

சரி, எப்படிக் கேட்பது? ‘மன அழுத்தம் இருக்கா?’ என்று அப்பத்தாவிடம் கேட்டால் ‘எனக்கென்ன கொற’ என்று முடித்துவிடும். ‘ராத்திரி எத்தன மணிக்கு முழிப்பு வருது அப்பத்தா? அப்புறம் தூக்கம் வருதா?’ ‘கோயிலுக்குப் போயி எத்தன நாளாச்சு?’ என்று கேளுங்கள். மூணு மணிக்கு முழித்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே விடிகிறது, வெள்ளிக்கிழமை கோயில் நின்றுபோய் மாசக்கணக்காகிறது என்று பதில் வந்தால் முறையான கேள்விக்குப் போகலாம்.

முறையானது பிஎச்க்யூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. முதல் இரண்டு மட்டும் கேட்டாலே தொடங்கலாம்: எதிலும் ஆர்வமில்லாமல் இருக்கிறதா, மனசு சோர்ந்து நம்பிக்கையற்று இருக்கிறதா. இரண்டும் சேர்ந்து 3-ஐத் தொட்டால் ஒன்பதையும் கேளுங்கள். மொத்தம் 10 அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டரிடம் போக வேண்டும். ஒரு சிக்கல்: தூக்கம், அசதி, பசி ஆகிய மூன்றும் சுகராலேயே கெடும். ராத்திரி நாலு தடவை ஒண்ணுக்குப் போகிறவருக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? அதனால் மொத்தத்தை மட்டும் பார்க்காமல் முதல் இரண்டுக்கு என்ன பதில் என்றும் பாருங்கள். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் அல்லது தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு 0 தவிர எது வந்தாலும் அன்றைக்கே டாக்டர். அதுவரை ஆளைத் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து டப்பா, மிச்ச மாத்திரை, இன்சுலின் எல்லாம் வேறொருவர் கையில் இருக்கட்டும்.

மனச்சோர்வுக்கு டாக்டர் மருந்து எழுதினால், செர்ட்ராலின் போன்றவை வேலை செய்ய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். முதல் வாரம் குமட்டலும் வயிற்றுப் பொருமலும் வரலாம். பெரும்பாலும் அந்த வாரத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள். நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், நிறுத்தும்போது படிப்படியாகத்தான். பழகிப்போய் விட முடியாமல் செய்வது அல்பிரசோலம் வகை தூக்க மாத்திரை. செர்ட்ராலின் அந்த வகை இல்லை. கால் எரிச்சலுக்கு ராத்திரி 10 அல்லது 25 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் எழுதியிருப்பார்கள். ‘இது மனநோய் மாத்திரைல’ என்று யாரோ சொன்னதும் அது குப்பைக்குப் போகிறது. அந்தக் குறைந்த அளவு நரம்பு வலிக்கானது. மனச்சோர்வுக்கு அந்த அளவு போதவும் போதாது.

‘மனச சந்தோஷமா வச்சுக்கங்க’ என்பது அறிவுரையே இல்லை. நேரமும் இடமும் குறித்துக் கொடுங்கள்: சாயங்காலம் ஆறு மணி, வண்டியூர் தெப்பக்குளம், மதினியோடு ஒரு சுற்று. ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் போவதுதான் இதன் சூட்சுமம். மனச்சோர்வில் ஆசை வரட்டும் என்று காத்திருந்தால் வராது, செய்யச் செய்யத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும்.

எதிர்த்திசையிலும் பாதை உண்டு: மனநோய் மருந்தாலும் சுகர் வரலாம். ஒலான்சபின் போன்ற மனநோய் மருந்து சாப்பிடுபவருக்கு எடையும் சுகரும் ஏறும். ஆரம்பிக்கும்போது எடை, இடுப்புச் சுற்றளவு, பிரஷர், வெறும் வயிற்று சுகர் எடுத்து வைத்து, மூன்றாவது மாதமும் பிறகு வருஷம் ஒரு தடவையும் பார்க்க வேண்டும். மனநோயாளி ‘நெஞ்சு வலிக்குது’ என்றால் அதையும் நோயின் பிதற்றல் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இது கொடுமை.

மதுரையில் பெரியாஸ்பத்திரியில் (அரசு ராஜாஜி மருத்துவமனை) மனநலப் பிரிவு இருக்கிறது, ஓபி இலவசம். உசிலம்பட்டி, மேலூர் பக்கம் இருப்பவர்கள் அங்குள்ள அரசு மருத்துவமனையில் மனநல டாக்டர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டுக்கொண்டு போகலாம். மனநல உதவி எண்ணான 14416-ல் எந்நேரமும் தமிழில் பேசலாம். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கு வந்து மாத்திரை தரும் அக்காவிடம் போன மாத அட்டைகளைக் காட்டிவிட்டுப் புதியதை வாங்குங்கள்.

மனநல ஓபிக்குப் போகும்போதும் அதே மஞ்சப்பையை அப்படியே கொண்டுபோங்கள். இதயத்துக்கு ஆஸ்பிரின் போடுபவருக்கு செர்ட்ராலினும் சேர்ந்தால் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும் என்பதால் அந்த டாக்டர் அட்டைகளைப் பார்த்தே ஆக வேண்டும். மலம் கறுப்பாகப் போனால் அடுத்த ஓபி நாள் வரை காத்திருக்காதீர்கள்.