சிக்னலில் அணைப்பதா, ஓடவிடுவதா?

வடபழனி சிக்னலில் சிவப்பு விழுந்ததும் பக்கத்து ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்தார். விநாடி காட்டும் பலகையில் 90. நிதானமாகத் துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொண்டார். ஐந்து வரும்போதுதான் மறுபடி ஸ்டார்ட்.

சுற்றி நின்ற கார்கள் எல்லாம் ஓடிக்கொண்டே இருந்தன. ஏசி வேண்டுமே!

"அணைச்சு அணைச்சு ஸ்டார்ட் பண்ணினாத்தான் பெட்ரோல் செலவு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கணினி இல்லாத பழைய கார்புரேட்டர் வண்டியில், சோக்கை இழுத்துக் கூடுதல் பெட்ரோல் விட்டுக் கிளப்பிய காலத்தில் அதில் ஒரு நியாயம் இருந்தது.

இப்போது எரிபொருளை அளந்து தெளிப்பது கணினி. 10 விநாடிக்கு மேல் சும்மா ஓடவிட்டால், மறுபடி கிளப்புவதைவிட அதிகம் செலவாகும் என்பது அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகம் அளந்து சொன்ன கணக்கு. நின்ற இடத்தில் ஓடும் சிறிய கார் மணிக்குச் சுமார் அரை லிட்டர் குடிக்கும். ஏசி போட்டால் இன்னும் கூடும்.

டெல்லியில் 2020-இல் சிக்னலில் எஞ்சினை அணைக்கச் சொல்லி ஒரு பிரசாரமே நடத்தினார்கள். அங்கே கவலை பெட்ரோல் அல்ல, புகை.

சரி, பேட்டரி? பழசாக இருந்தால் யோசிக்கத்தான் வேண்டும். தானாக அணைந்து தானாகக் கிளம்பும் கார்களில் அதற்கென்றே வலுவான பேட்டரியும் ஸ்டார்ட்டரும் வைக்கிறார்கள். அந்த வசதியையும், ஏறி உட்கார்ந்ததுமே பட்டனை அமுக்கி நிறுத்திவிடுகிறோம்!

மே மாத வெயிலில் அணைக்கச் சொல்ல எனக்கும் மனம் வராது. மற்ற நாட்களில் பலகையில் 30-க்கு மேல் இருந்தால் அணைக்கலாம். பலகையே இல்லாத சிக்னலில் பின்னால் நிற்பவர் ஹாரன்தான் கணக்கு.