கோட்டைத் தாண்டிய பந்து
நேற்றிரவு சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து முகப்பிலுள்ள சாப்பாட்டுக் கடையில் காற்பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது, காணொளி உதவி நடுவரின் முடிவுக்காக எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த நேரத்தில், என் மேசையிலிருந்த தே தாரேக் ஆறிப்போனது. "இதற்குப் பழைய நடுவரே மேல், தம்பி" என்றார் பக்கத்து மேசை அண்ணன்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2010 உலகக் கிண்ணத்தில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லம்பார்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கோட்டுக்குள் நன்றாக விழுந்ததை உலகமே பார்த்தது. நடுவர் மட்டும் பார்க்கவில்லை. கோல் கொடுத்திருந்தால் ஆட்டம் 2-2 ஆகியிருக்கும். 2014 பிரேசில் போட்டியில் ஒவ்வொரு கோல் கம்பத்துக்கும் ஏழு கேமராக்கள் வைக்கப்பட்டு, பந்து முழுவதும் கோட்டைக் கடந்தால் ஒரு நொடிக்குள் நடுவரின் கைக்கடிகாரம் அதிரும்படி செய்தார்கள். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

என் குறை ஆப்சைடு பற்றியது; அதாவது, சக ஆட்டக்காரர் பந்தைத் தரும் நொடியில் எதிரணித் தற்காப்பாளர்களைத் தாண்டி முன்னே நிற்கும் தவறு பற்றியது. 2022 கட்டார் போட்டியில் பந்துக்குள் இருந்த உணரி நொடிக்கு 500 முறை தரவு அனுப்பியது. பன்னிரண்டு கேமராக்கள் ஒவ்வோர் ஆட்டக்காரரின் உடலிலும் 29 புள்ளிகளைத் தொடர்ந்தன. இவ்வளவு நுணுக்கமாக அளந்து, தோள்பட்டை நுனி முந்தியிருந்தது என்பதற்காக ஒரு நல்ல கோலை அழிப்பது எனக்கு ஒப்பவில்லை. பந்து கையில் பட்டது குற்றமா இல்லையா என்பதையோ, எத்தனை கேமரா வைத்தாலும், கடைசியில் மனிதர்தானே தீர்மானிக்கிறார்!

எங்கள் தோட்டத் திடலில், சட்டையைக் கழற்றிப் போட்டுக் கம்பம் வைத்து விளையாடிய நாட்களில், யார் குரல் பெரிதோ அவருக்கே கோல்.