வராக்கடன் 100 மில்லி லிட்டர்

ஹூஸ்டன் வெயிலிலும் நெரிசலிலும் ஓடும் பிக்கப் டிரக்குக்கு, தானியங்கி கியர் பெட்டியின் எண்ணெயை 50,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கையேடே சொல்கிறது. வெப்பம் அடிக்கடி 32 டிகிரி செல்சியஸைத் தொடும் ஊரில் நின்று நின்று ஊர்ந்து செல்வதைக் கடும் உழைப்பாக அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. எங்கள் 2005-ஆம் ஆண்டு ஷெவர்லே சில்வராடோவுக்கு அந்த வேலையை வீட்டிலேயே செய்துவிடலாம் என்று நான் கருவிகளை எடுத்து வைத்தபோது, காரைக்குடியில் வங்கிக் காசாளராக இருந்து ஓய்வுபெற்ற என் மாமனார் எங்களோடு தங்கியிருந்தார்.

கையேட்டை முதலில் படித்தவர் அவர்தான். "மாப்பிள்ளை, இதில் டெக்ஸ்ரான் 3 என்று போட்டிருக்கிறது, நீங்கள் டெக்ஸ்ரான் 6 வாங்கி வந்திருக்கிறீர்களே?" என்று கராஜ் வாசலிலேயே நிறுத்தினார். டெக்ஸ்ரான் என்பது ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் கியர் பெட்டி எண்ணெய்த் தரம் என்றும், மூன்றாம் வகைக்கு உரிமம் வழங்குவதை அது 2006-உடன் நிறுத்திக்கொண்டது என்றும், பழைய வண்டிகளுக்கும் ஆறாம் வகையே போதும் என்று அந்த நிறுவனமே சொல்லிவிட்டது என்றும் விளக்கிய பிறகு, கையேட்டின் ஓரத்தில் பென்சிலால் திருத்தம் எழுதிக்கொண்டு எனக்கு வழி விட்டார்.

இந்தத் தெருவில் வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தால் யாராவது ஆலோசனை சொல்ல வந்துவிடுவார்கள். அன்று வந்த பக்கத்து வீட்டுக்காரர், பழைய எண்ணெயைத் தொட்டால் கியர் பெட்டி செத்துவிடும் என்று எச்சரித்தார். கியர் வழுக்கத் தொடங்கிய பிறகு எண்ணெயை மாற்றுபவர்கள், ஏற்கெனவே தேய்ந்துபோன பெட்டியின் சாவுக்குப் புது எண்ணெயின்மேல் பழி போடுவதால் பரவிய நம்பிக்கை இது என்பது என் கருத்து. நான் மொழிபெயர்த்துச் சொன்னதைக் கேட்ட மாமா, "தணிக்கைக்காரர் வந்ததால்தான் கையாடலே நடந்தது என்று சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்" என்றார்.

கியர் பெட்டியின் அடியில் எண்ணெய் தேங்கும் தட்டுதான் பான். எங்கள் வண்டியின் பானில் எண்ணெய் வடிக்கும் திருகாணி கிடையாது. 16 போல்ட்டுகளையும் கழற்றிப் பானையே இறக்க வேண்டும். அதிலும் ஓட்டுநர் பக்கத்தில் கியர் கம்பியைத் தாங்கும் பிராக்கெட் குறுக்கே நிற்பதால், அதை முதலில் விலக்கியாக வேண்டும். பின்பக்க போல்ட்டுகளைக் கழற்றி, முன்பக்கத்தவற்றைச் சற்றே தளர்த்தி, பானை ஒரு பக்கமாகச் சாய்த்து எண்ணெயை ஒழுகவிடுவதுதான் முறை. ஆனால் எண்ணெய்க்கு முறை தெரியாது. பெரும்பகுதி பாத்திரத்திலும், ஒரு பகுதி தரையிலும், மிச்சம் என் சட்டைக் கையிலும் இறங்கியது. தரையில் கொட்டியதை உறிஞ்ச, வீட்டுப் பூனைகளின் கழிவுப் பெட்டியில் போடும் பூனை மணலை நான் தூவியபோது, "இந்த வீட்டில் பூனையே கிடையாதே" என்று மாமா வியந்தார். அடுத்த நொடியே சமையலறைத் தராசுடன் வந்து, தூவுவதற்கு முன் மணல் எவ்வளவு எடை இருந்தது என்று கேட்டார். தன் தராசு எங்கே போயிற்று என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்த மகளுக்கு அவர் பதில் சொல்லவில்லை.

பானின் அடியில் இருந்த காந்தத்தில் சாம்பல் நிறக் குழைவு படிந்திருந்தது. அது இயல்பான தேய்மானம். இரும்புச் சில்லுகள் இருந்திருந்தால்தான் கவலை. பழைய ஃபில்டர் கையோடு வந்துவிட்டது. அதன் கழுத்தில் இருந்த சீல் மட்டும் அலுமினியத் துளைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. துளையின் சுவரில் கீறல் விழுந்தால் ஃபில்டர் எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சும் என்பதால், மெல்லிய திருப்புளியால் சீலின் விளிம்பை உள்நோக்கி மடக்கி, மூக்குநுனி இடுக்கியால் நெம்பி நெம்பி எடுக்க வேண்டியிருந்தது. எண்ணெய் மாற்றுவது என்று பெயர் இருந்தாலும், நேரத்தையும் பொறுமையையும் விழுங்கியது இந்த மோதிர அளவுச் சீல்தான். பானின் விளிம்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டைப் புதிதாக வாங்கியிருந்தேன். ஆனால் நிறுவனத்தின் அசல் கேஸ்கெட்டை மீண்டும் பயன்படுத்தலாம் என்பதை மாமா எப்படியோ கண்டுபிடித்துப் புதியதைத் திருப்பிக் கொடுக்கும் கணக்கில் சேர்த்துவிட்டார். போல்ட்டுகளை 11 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கக் கூடாது என்பதால், குறித்த முறுக்கு அளவை எட்டியதும் ஒலி எழுப்பும் டார்க் ரெஞ்ச் ‘டக்’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர் ஒரு கோடு போட்டு 16-ஐ உறுதி செய்தார்.

பிறகு இருப்புச் சரிபார்ப்பு நடந்தது. பாத்திரத்தில் 4.2 லிட்டர் இருந்தது. பூனை மணலின் எடை 340 கிராம் கூடியிருந்தது. இந்த எண்ணெய் லிட்டருக்கு ஏறத்தாழ 850 கிராம் என்பதால் அது 400 மில்லி லிட்டர். கையேடு சொன்ன 4.7 லிட்டருக்கு 100 மில்லி லிட்டர் குறைந்தது. என் சட்டையையும் பழைய ஃபில்டரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அதை வராக்கடன் என்று எழுதினார். உள்ளே ஊற்ற 946 மில்லி லிட்டர் கொண்ட ஐந்து புட்டிகள் சரியாக இருந்தன.

மொத்தக் கொள்ளளவு 10.6 லிட்டர் என்பதும், மீதி 5.9 லிட்டர், என்ஜினின் சுழற்சியைக் கியர் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் முதலான இடங்களில் பழையதாகவே தங்கியிருக்கிறது என்பதும் தெரிந்தபோதுதான் அவர் உண்மையிலேயே வருந்தினார். "வைப்புநிதி போல, முதிர்வுக்கு முன் எடுக்க முடியாதா?" என்றார். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடி இறக்கினால் பழையது 31 விழுக்காடாகவும், மூன்றாம் முறை 17 விழுக்காடாகவும் குறையும் என்று காகிதத்தில் கணக்கிட்டு, குறையும் நிலுவை முறையில் எனக்கு ஓர் அட்டவணையும் தயாரித்துத் தந்தார். என்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியராக மாற்றி, எண்ணெய் நன்கு சூடேறிய பின் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தோம். மட்டம் கோடுகளுக்கு நடுவே நின்றது.

பழைய எண்ணெயை இலவசமாகப் பெற்றுக்கொள்ளும் உதிரிபாகக் கடைக்கு மாமாவும் வந்தார். அங்கே அவர் ரசீது கேட்டார். காசு வாங்காததற்கு ரசீது கிடையாது என்ற இளைஞர், முதியவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு துண்டுத் தாளில் ‘சுமார் 1 கேலன்’ என்று எழுதிக் கொடுத்தார். ஒரு கேலன் 3.785 லிட்டர்தான் என்றும் 415 மில்லி லிட்டர் விடுபட்டிருக்கிறது என்றும் என் மூலமாக எடுத்துரைத்த மாமா, ‘சுமார்’ என்பதை அடிக்கச் சொல்லி, 4.2 லிட்டர் என்று எழுத வைத்து, அடித்த இடத்தில் அந்த இளைஞரின் சுருக்கொப்பத்தையும் வாங்கிய பிறகே கடையை விட்டு வெளியே வந்தார்.