வேண்டாம் என்று பாட்டி சொன்னபோது

'உங்களைக் கொடுமைப்படுத்துகிறார்களா?' என்று முதியவர்களைக் கேட்டால் எந்த வீட்டிலும் ஆமாம் என்ற பதில் வராது. 'பென்ஷனை யார் எடுத்துட்டு வர்றாங்க?' என்று கேட்டால் வரும். முதியோர் கொடுமையைக் கண்டறிய மான்ட்ரியலில் மருத்துவர்களுக்காக உருவாக்கி 2008இல் வெளியிட்ட ஆறு கேள்விகளை நம்மூர்ப் பேச்சுக்கு மாற்றித்தான் வீடுகளுக்குப் போகிறேன். சாப்பாடு, மாத்திரை, கையெழுத்து, பயம் பற்றியெல்லாம் ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டும். ஆறாவதை நாமே கண்ணால் பார்த்துக் குறிக்க வேண்டும். ஆள் தனியாக இருக்கும்போது கேட்பது ரொம்ப முக்கியம்.

வியாசர்பாடி பாட்டியைப் பற்றி முதியோர் உதவி எண்ணான 14567க்குச் சொன்னது பக்கத்து வீட்டுக்காரர். சக ஊழியர் மகனை ஆதார் நகல் எடுக்கக் கீழே கூட்டிப்போன நேரத்தில் கேட்டேன். குடும்ப ஓய்வூதியம் வருகிறது, ஏடிஎம் கார்டு மகனிடம். சர்க்கரை மாத்திரை அட்டை காலி. எப்போது தீர்ந்தது என்று அவருக்கே நினைவில்லை. முழங்கைக்கு மேல் மஞ்சள் பாய்ந்த பழைய கன்றல்.

"இது என்ன பாட்டி?"

"கார்டைக் குடுறான்னேன்." அதோடு என் பேனாவைப் பிடித்துக்கொண்டார். "எய்தாத கண்ணு. நீ பூடுவ. ராத்திரி மூச்சு வாங்குனா ஆட்டோ புடிக்க அவன்தானே கீறான்."

மனு போடவில்லை. பெற்றோர், முதியோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தீர்ப்பாயம் தானாகவே முன்வந்தும் விசாரிக்கலாம். அதை நடத்தும் கோட்டாட்சியர் காதில் நான் போட்டிருக்கலாம். ஆனால் பாட்டி தெளிந்த புத்தியோடு வேண்டாம் என்றார். வயதானவர் என்பதற்காக அவர் பேச்சை மீறினால், மகன் செய்வதற்கும் நான் செய்வதற்கும் என்ன வித்தியாசம்? தீர்ப்பாயம் போனாலும் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் வாங்கித் தரும். பாட்டியிடம் பணம் இருக்கிறது. இல்லாதது மகனிடம்தான்.

அமெரிக்காவில் சமூகவியலாளர் கார்ல் பில்லெமர் 1980களிலேயே இதைக் கவனித்துச் சொன்னார். முதியவர் பாரமாகிவிடுவதால் கொடுமை நடக்கிறது என்று பலரும் நினைத்திருக்க, பல வீடுகளில் அடிக்கிறவர்தான் முதியவரின் பணத்தையும் வீட்டையும் நம்பிப் பிழைக்கிறார் என்றார். இந்த மகனுக்கு வேலை இல்லை, குடி உண்டு. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் குடிநோய்ப் பிரிவுக்குப் போகச் சொன்னேன், தலையாட்டினான். "அடிச்சவனுக்கு வைத்தியமா?" என்று சக ஊழியருக்குக் கோபம். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனாலும் அவன் குடி நிற்காமல் பாட்டியின் கைக்குக் கார்டு வராது. எங்கள் படிவத்தில் மகனைப் பற்றி எழுத ஒரு வரிகூட இல்லை. 'முதியவருக்கு விருப்பமில்லை' என்று குறித்தால் கோப்பு முடிந்தது.

24 கொடுமைகளில் ஒன்றுதான் வெளியே வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வந்த ஒன்றையும் இப்படி மூடக் கூடாது என்று கூட்டத்தில் சொன்னேன். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் மாத்திரையோடு வீட்டுக்கே போகிறார்கள். அவர்களுக்கு இந்தக் கேள்விகளைக் கற்றுக்கொடுத்தால் மகனுக்குச் சந்தேகம் வராது, பாட்டியைத் தொடர்ந்து பார்த்தபடியும் இருக்கும்.

சக ஊழியர் கேட்டார், "திரும்ப அடிச்சா?" அப்போது பாட்டியின் சம்மதத்துக்குக் காத்திருக்க மாட்டேன் என்றேன், யோசிக்காமல். அப்படியானால் இந்த முறை மட்டும் ஏன் காத்திருந்தேன் என்று அவர் கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.