பச்சை விளக்கை நம்பிய ஒரு 20ஆம் தேதி

எங்கள் வீட்டுப் பின்னறைக்குள் வைஃபை நுழையாது. காவேரிப்பட்டணத்தில் என் மாமனாரின் அப்பா கட்டிய வீடு, ஒன்றரை அடிக் கனத்தில் கருங்கல் சுவர். கிருஷ்ணகிரிப் பக்கம் கல்லுக்குப் பஞ்சமே கிடையாது, அந்தக் காலத்தில் செங்கல்லைவிடக் கல்தான் கைக்கு எட்டியிருக்கும் போல. மே மாத வெயிலுக்கு அந்த அறை சொர்க்கம். சிக்னலுக்குச் சுடுகாடு. ஹாலில் ரவுட்டர் பக்கத்தில் நின்றால் முழுக் கோடும் காட்டுகிற போன், பின்னறை வாசற்படியைத் தாண்டியதும் ஒற்றைக் கோட்டுக்கு வந்து, மேசையில் உட்காரும்போது அதுவும் போய்விடும்.

அந்த அறையில்தான் என் ஆபீஸ். ஓசூரில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனிக்கு வீட்டிலிருந்து கணக்குப் பார்க்கிறேன். டேலி என்கிற கணக்கு மென்பொருள் அங்கே சர்வரில் ஓடுகிறது, நான் இங்கிருந்து விபிஎன் என்கிற பாதுகாப்பான தனிப் பாதை வழியாக உள்ளே போவேன். இதற்கு வயர்தான் சரி என்று நாலைந்து வருடம் முன்பே லேன் கேபிள் இழுத்தாயிற்று. அன்றிலிருந்து அதை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலை செய்கிற பொருளை யார் பார்க்கிறார்கள்?

போன ஜூன் 20. மே மாதத்துக்கான ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கு, போடக் கடைசி நாள். ஒரு நாள் தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு 18 சதவீத வட்டி. பணத்தைவிட, முதலாளியின் போனை எடுக்க வேண்டுமே என்கிற பயம்தான் பெரிது. காலை ஒன்பதரைக்கு லேப்டாப்பைத் திறந்தால் கீழே மூலையில் பூகோள உருண்டை. அடையாளம் தெரியாத நெட்வொர்க், இன்டர்நெட் இல்லை.

வயரைப் பிடுங்கிச் செருகினேன். லேப்டாப்பின் லேன் ஓட்டை ஓரத்தில் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது, பக்கத்தில் மஞ்சள் விளக்கு அவ்வப்போது மினுக்கியது. இந்தப் பச்சைதான் என்னை அன்றைக்கு இரண்டு மணி நேரம் ஏமாற்றியது. விளக்கு எரிகிறது, ஆகவே வயர் நன்றாக இருக்கிறது, ஆகவே கோளாறு லேப்டாப்பில் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

இன்டர்நெட் கொடுப்பவருக்குப் போன் போட்டேன். ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார். போட்டேன். "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குங்க மேடம், உங்க சிஸ்டம்தான்" என்று வைத்துவிட்டார். பிறகு யோசித்தால், அவர் சொன்னதில் பாதி உண்மை. ஹாலில் அத்தையின் டிவியில் யூடியூப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை வைத்தாவது நான் கொஞ்சம் நிதானித்திருக்கலாம்.

நிதானிக்கவில்லை. செட்டிங்ஸுக்குள் போய், கண்ணில் பட்ட 'நெட்வொர்க் ரீசெட்'டை அழுத்தினேன். இதை யாரும் அவசரத்தில் செய்யாதீர்கள். லேப்டாப் மறுபடி எழுந்தபோது கோளாறு அப்படியே இருந்தது, சேமித்து வைத்திருந்த வைஃபை கடவுச்சொல்லும் ஆபீஸ் விபிஎன் அமைப்பும் மட்டும் காணாமல் போயிருந்தன. கெட்ட நேரத்தில் கூடவே இன்னொரு வேலையையும் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு என் மச்சாண்டார் பையனுக்குப் போன் செய்தேன். சேலத்தில் இன்ஜினியரிங் படிக்கிறான், இந்த வயரை இழுத்தவனே அவன்தான், கொரோனா சமயத்தில் ஆன்லைன் வகுப்புக்கும் சேர்த்து.

"சித்தி, கறுப்புத் திரையத் திறந்து ஐபிகான்ஃபிக்னு அடிங்க. நம்பர் என்ன வருது?"

"169.254..."

"போதும் போதும். அது லேப்டாப்பே தனக்கு வெச்சுக்கிட்ட நம்பர்."

அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். வயர் மாட்டியதும் லேப்டாப் "எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்" என்று கூப்பிடும். ரவுட்டர் கேட்டால் 192.168 என்று ஆரம்பிக்கும் முகவரி ஒன்றை எடுத்துக் கொடுக்கும். யாருமே பதில் சொல்லாவிட்டால், லேப்டாப் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு 169.254 என்று ஆரம்பிக்கும் நம்பர் ஒன்றைத் தானே சூட்டிக்கொள்ளும். ஆக, அந்த நம்பரைக் கண்டால் டிஎன்எஸ், பிரவுசர், விபிஎன் என்று மேலே எதையும் நோண்டிப் பிரயோஜனமில்லை. கூப்பிட்ட குரலே ரவுட்டருக்குப் போய்ச் சேரவில்லை.

"சின்ன வயர் ஒண்ணு ரவுட்டர் டப்பாவுல இருக்கும். லேப்டாப்பத் தூக்கிட்டு ஹாலுக்குப் போய் நேரா ரவுட்டர்ல செருகிப் பாருங்க."

செருகினேன். மூன்று நொடியில் 192.168.1 என்று முகவரி வந்தது. ரவுட்டரும் நல்லது, லேப்டாப்பும் நல்லது. காலையில் முதல் வேலையாக இதைச் செய்திருந்தால் விபிஎன் பிழைத்திருக்கும்.

சரி, முதலில் 3பி. ஆபீஸில் கேட்டு விபிஎன்னை மறுபடி அமைத்து, அத்தையின் சீரியல் சத்தத்துக்கு நடுவே ஹாலில் ஸ்டூல் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். கடைசி நாள் மதியத்துக்கு மேல் போர்ட்டல் சுற்றுகிற சுற்று, கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தெரியும். ஓடிபி வந்து முடியும்போது சாயங்காலம் ஆறு. அதற்கு அப்புறம்தான் டார்ச் எடுத்துக்கொண்டு வயரைப் பின்தொடர்ந்தேன்.

"சித்தி, நடுவுல ஸ்விட்ச் இருக்கே, அதப் பாத்தீங்களா?"

"எல்லா ஸ்விட்ச்சும் ஆன்லதான்டா இருக்கு."

சிரித்தான். அவன் சொன்னது கரண்டு ஸ்விட்ச் இல்லை. பின்னறைப் பரண்மேல், பழைய அண்டாவுக்குப் பின்னால், சோப்பு டப்பா அளவில் ஐந்து ஓட்டைகளோடு ஒரு பெட்டி. ரவுட்டரிலிருந்து வருகிற ஒரு வயரைப் பலதாகப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. அப்படி ஒன்று வீட்டில் இருப்பதையே நான் மறந்திருந்தேன். ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், என் லேப்டாப் வயர் செருகிய ஓட்டையில் விளக்கு எரிகிறது. ரவுட்டர் பக்கத்து ஓட்டை இருட்டு.

காலையிலிருந்து நான் பார்த்த பச்சை விளக்கின் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. வயரின் அடுத்த முனையில் உயிருள்ள ஏதோ ஒரு பெட்டி இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். அந்தப் பெட்டிக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. பரண்மேல் இருந்த ஸ்விட்ச்சுக்கு நான் வணக்கம் சொல்ல, அதுவும் பதிலுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு பேரும் ஊருக்கு வெளியே.

ரவுட்டர் பக்கத்து வயர் பரணிலிருந்து இறங்கி, மூலையோடு தரையில் ஓடி, மாம்பழக் குவியலுக்குப் பின்னால் போகிறது. எங்கள் தோப்பில் பெங்களூரா முழுதும் கூழ் தொழிற்சாலைக்குப் போய்விடும். செந்தூராவிலும் மல்கோவாவிலும் வீட்டுக்கென்று ரெண்டு கூடை எடுத்து, அந்தக் குளுமையான அறையில்தான் அத்தை வைக்கோல் போட்டுப் பழுக்க வைப்பார். வைக்கோலும் பழமும் இருக்கிற இடத்துக்கு எலி வராமல் இருக்குமா?

வைக்கோலை விலக்கினேன். சாம்பல் நிற வயரில் ஒரு விரல்கடை அளவுக்கு மேல்தோல் இல்லை, ஓரமெல்லாம் பல் பல்லாகக் குதறியிருந்தது. உள்ளே ஜோடி ஜோடியாக முறுக்கிய எட்டுக் கம்பிகள். ஆரஞ்சு ஜோடி இரண்டும் அறுந்து, செப்பு முனை நீட்டிக்கொண்டிருந்தது. பச்சையில் ஒன்று தோலுரிந்து நூலாக நின்றது. நீலமும் பிரவுனும் முழுசு. அடுத்த செந்தூராவில் ஓரமாக ஒரு கடி வேறு. வயரை ருசி பார்த்து, பிடிக்காமல் பழத்துக்குப் போயிருக்கும்.

படம் எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டான். "உங்க ஸ்விட்ச் பழசு, வேகம் 100 எம்பிபிஎஸ்தான். அதுக்கு எட்டுக் கம்பி வேண்டாம், நாலே போதும். பிளக்குல 1, 2, 3, 6ஆவது இடம் மட்டும்தான் பேசும். ஆரஞ்சும் பச்சையும்தான் அந்த இடத்துல இருக்கு, அதத்தான் எலி கடிச்சிருக்கு. சும்மா இருக்கிற நீலத்தையும் பிரவுனையும் எடுத்து அங்க வெச்சுட்டா புது வயர் வர்ற வரைக்கும் ஓடும்." ஆயிரம் எம்பிபிஎஸ் ஸ்விட்ச்சாக இருந்தால் இந்த வித்தை ஆயிரத்தில் ஓடாதாம், அதற்கு நாலு ஜோடியும் வேண்டுமாம்.

எனக்கு இது பிடித்துப் போயிற்று. மறுநாள் எங்கள் தெருவில் சிசிடிவி மாட்டும் பையனிடம் நாலு ஆர்ஜே45 பிளக்கும் (லேன் வயர் முனையில் இருப்பது), அதை வயரில் கவ்வ வைக்கும் கிரிம்பிங் கருவியும் வாங்கி வந்தேன். நாலு வாங்கினேன், இரண்டு வீணாகும் என்று எனக்கே தெரியும். வழக்கமான வரிசை வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். அதை மாற்றி, வெள்ளை-நீலத்தை ஒன்றிலும் நீலத்தை இரண்டிலும், வெள்ளை-பிரவுனை மூன்றிலும் பிரவுனை ஆறிலும் வைக்க வேண்டும். செத்த கம்பிகளை மிச்ச இடத்தில் சும்மா செருகலாம், கம்பிகள் நகராமல் நிற்க அதுவும் உதவும். இரண்டு முனையிலும் ஒரே வரிசை.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவன் "நீலத்த மொதல்ல வைங்க சித்தி" என்றதும் அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "நீலம் இன்னும் வரலையேம்மா, அது கடைசியிலதான வரும்?" எங்கள் ஊரில் நீலம் என்றால் முதலில் மாம்பழம்தான்.

முதல் முயற்சி ஓடவில்லை. ஒரு முனையில் பிளக்கைத் தலைகீழாகப் பிடித்து வரிசை போட்டிருக்கிறேன். கிளிப் கீழ்ப்பக்கம், தங்க நிறப் பற்கள் நம்மைப் பார்க்க வேண்டும், வயர் கீழிருந்து வர வேண்டும். அப்போது இடது ஓரம்தான் ஒன்று. நான் கிளிப்பை மேலே வைத்துக்கொண்டு எண்ணியிருந்தேன். எட்டுக் கம்பியும் நன்றாக இருக்கிற வயரில் இரண்டு முனையிலும் ஒரே மாதிரி இந்தத் தப்பைச் செய்தால்கூட ஓடுமாம்! இன்னொன்று, கம்பிகள் பிளக்கின் அடி வரை போய் முட்டியிருப்பது அந்தக் கண்ணாடி முகப்பில் தெரிய வேண்டும். ஒரு கம்பி அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் பல் கடிக்காது. கடிபட்ட இடத்தில் அறுந்த முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாக இன்சுலேஷன் டேப் சுற்றினேன்.

மூன்றாவது பிளக்கில் பரண்மேல் இருட்டாக இருந்த ஓட்டை எரிந்தது. ஏணியிலிருந்தே "எரியுது!" என்று கத்தினேன். "நேத்தும் எரியுதுன்னுதானே சொன்னே?" என்றார் அத்தை.

இந்தமுறை விளக்கை நம்பவில்லை. ஐபிகான்ஃபிக் போட்டு 192.168 வந்ததைப் பார்த்தேன், ரவுட்டருக்கு ஒரு பிங் (கூப்பிட்டால் பதில் வருகிறதா என்று பார்ப்பது), வெளியே கூகுளின் 8.8.8.8க்கு ஒரு பிங், அப்புறம்தான் ஏணியை மடக்கினேன். வேக சோதனையில் 94 வந்தது. 100 எம்பிபிஎஸ் வயரில் அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாதாம். என் டேலிக்கு அதில் கால்வாசி போதும்.

பத்து நாள் அந்தக் கடிபட்ட வயரிலேயே வேலை ஓடியது. பிறகு கிருஷ்ணகிரியில் கேட் 6 வகை லேன் கேபிள் வாங்கினேன். கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது விலை குறைவு; கம்பியைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை, அலுமினியத்தின் மேல் செப்புப் பூச்சு. பையன் முன்பே எச்சரித்திருந்ததால் முழுச் செப்பு கேட்டு வாங்கினேன். இந்தமுறை பிவிசி பைப்புக்குள் விட்டு, தரையைத் தொடாமல் சுவர் உச்சியோடு கொண்டுபோயாயிற்று. மாம்பழத்தை வேறு அறைக்கு மாற்றலாமா என்று கேட்டுப் பார்த்தேன். அத்தை பதிலே சொல்லவில்லை. பழைய வயரைச் சுருட்டி வைத்திருந்தேன், போன வாரம் தேடினால் காணோம். கொல்லையில் அவரைப் பந்தலைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.