பேத்தியைத் திட்டினால் மருமகளுக்கு வலிக்கும்

மகளுக்குச் சொல்வது போல மருமகளுக்குச் சொல்வது என்று ஒரு வித்தை நம் வீடுகளில் உண்டு. மகள் கல்யாணமாகிப் போன பிறகு அந்த இடத்துக்குப் பேத்தி வந்துவிடுகிறாள். “ஏண்டி ஆத்தா, சாமானை இப்படி இறைச்சுப் போடணும்னு உனக்கு யாருடி சொல்லிக்கொடுத்தா?” என்று கேட்டால் நான்கு வயதுப் பிள்ளை என்ன பதில் சொல்லும்? பதில் சொல்ல வேண்டியவள் அடுப்படியில் நிற்கிறாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. “வாடி, நாம வாயைத் தொறந்தாலே இங்க குத்தம்” என்று பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவாள். பிள்ளை நடுவில் தபால்காரர் வேலை பார்க்கும்.

எங்கள் காரைக்குடிப் பக்கம் நகரத்தார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணமானதும் அதே வீட்டுக்குள் தனி அடுப்பு வைத்துக் கொடுப்பார்கள். வேறு வைப்பது என்று பெயர். கூடியிருக்கவும் வேண்டும், உப்பு புளிக்குச் சண்டையும் வரக் கூடாது என்றால் இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. ஆனால் எல்லா அடுப்படிக்குள்ளும் ஓடி வருகிற பிள்ளையை எந்த அடுப்போடு சேர்ப்பது? எங்கள் வீடு அவ்வளவு பெரியதும் இல்லை. எனக்கும் அத்தைக்கும் ஒரே அடுப்புதான்.

போன மாதம் அத்தை வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு ஆட்டி வைத்திருந்தார்கள். ஆழாக்கில் பச்சரிசியைத் தலை தட்டி, அதன் மேல் உளுந்து கோபுரமாக நிற்கிற அளவு போட்டு, ஊறவைத்து, கிரைண்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து தள்ளித் தள்ளி ஆட்டிய மாவு. சின்னவள் கையை விட்டுப் பார்க்கப் போய் பாத்திரம் கவிழ்ந்துவிட்டது. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் பூவெல்லாம் வெள்ளை. “அடங்காத கழுதை! வளர்ப்பு அப்படி” என்றார்கள் அத்தை. முதல் பாதி அவளுக்கு, இரண்டாம் பாதி எனக்கு.

நான் சின்னவளிடம் பார்த்ததை மட்டும் சொன்னேன். “மாவு கொட்டிருச்சு. அப்பத்தா இடுப்பு வலியோட ஆட்டுன மாவு. பழைய துணி எடுத்துட்டு வா, ரெண்டு பேரும் துடைப்போம்.” அப்புறம் அத்தை பக்கம் திரும்பி, “இவ்வளவு நேரம் உக்காந்து ஆட்டுனீங்க, வயித்தெரிச்சலாத்தான் இருக்கும் அத்தை” என்றேன். அவர்கள் ஒன்றும் பேசவில்லை. சின்னவள் துடைப்பதாக நினைத்து மாவை இன்னும் பரப்பிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அந்தத் தூணோரம் இருக்கு பாரு ஆத்தா, அதையும் தொடை” என்றார்கள். அன்றைக்குச் சண்டை இல்லை. பணியாரமும் இல்லை.

இந்த முறைக்கு வழி காட்டியவர் மார்ஷல் ரோசன்பெர்க் (1934–2015) என்ற அமெரிக்க உளவியலாளர். பேச்சை அவர் நான்காகப் பிரிக்கிறார்: கண்ணால் பார்த்தது, மனதில் பட்டது, நமக்கு என்ன தேவை, அதற்காக எதிராளி என்ன செய்ய வேண்டும் என்ற வேண்டுகோள். ‘அடங்காதவள்’ என்பது தீர்ப்பு. ‘மாவு கொட்டிவிட்டது’ என்பது பார்த்தது. தீர்ப்புக்கு எதிர்த்தீர்ப்பு வரும். பார்த்ததை மறுக்க யாருக்கும் ஒன்றும் இருக்காது.

ஆனால் நான்கையும் வரிசையாக நம் தமிழில் சொன்னால் தாசில்தாருக்கு மனு எழுதியது போல இருக்கிறது. மூன்றாவது வரிக்கு வருவதற்குள் பிள்ளை முகப்பைத் தாண்டி ஓடியிருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு போதும் என்பது என் கட்சி: பார்த்தது, இப்போது செய்ய வேண்டியது. மீதி இரண்டும் பெரியவர்களிடம்தான் அதிகம் தேவைப்படுகிறது. அவசரத்தை அடக்குகிற மூளைப் பகுதி முதிர்ந்து முடிய இருபது வயதைத் தாண்டும் என்கிறார்கள். நான்கு வயதில் மாவுக்குள் கை போகாமல் இருந்தால்தான் அதிசயம்.

எல்லாவற்றுக்கும் வேண்டுகோள் வைத்துக்கொண்டிருக்கவும் முடியாது. ஊரணிப் படிக்கட்டில் ஒரு பிள்ளை கடகடவென்று இறங்கினால் முதலில் கையைப் பிடித்து இழுக்க வேண்டும், பேச்சு அப்புறம். ஆபத்திலிருந்து காப்பாற்றப் பலத்தைப் பயன்படுத்துவதையும் தண்டிக்கப் பயன்படுத்துவதையும் ரோசன்பெர்க்கே தனித்தனியாகத்தான் வைக்கிறார். இதைச் சொன்ன பிறகுதான் அத்தைக்கு அந்த மனிதர் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

அடுத்த தலைவலி போன். என் வீட்டுக்காரர் இருப்பது சிங்கப்பூரில். இங்கே எட்டு மணி என்றால் அங்கே பத்தரை. வேலை முடிந்து களைத்துப்போய்க் கூப்பிடுவார். பிள்ளை முகம் திரையில் தெரிந்ததும் வீட்டில் ஆளாளுக்குப் புகார்ப் பெட்டியைத் திறப்பார்கள். “உங்கப்பாகிட்ட சொல்லவா? சொல்லவா?” என்று பகலெல்லாம் மிரட்டியதன் தொடர்ச்சி. அவரும் பாவம், எடுத்ததும் “என்ன, சேட்டை பண்ணுனியாமே” என்பார். போன் அடித்தாலே சின்னவள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிய ஆரம்பித்தாள். அவருக்கு அது பெரிய வருத்தம். பிள்ளை பேச வரவில்லை என்றால் குற்றம் யார் மேல் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் ஒன்றுதான் கேட்டேன்: பிள்ளை போனில் இருக்கும்போது பிள்ளையைப் பற்றிப் புகார் வேண்டாம். அத்தையிடமும் கேட்டேன், அவரிடமும் கேட்டேன். அத்தை ஒத்துக்கொண்டார்கள், பாதி நாள் மறந்துவிடுகிறார்கள். அவர்தான் மடக்கினார். “அப்ப வீட்டுல நடக்குறது எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன விருந்தாளியா?” நியாயமான கேள்வி. பிள்ளை தூங்கிய பிறகு பேசலாம் என்றால் அங்கே நடுராத்திரி ஆகிவிடும், அவருக்கு விடிகாலை வேலை. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மதியம், சின்னவள் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போகிற நேரம் என்று முடிவாகியிருக்கிறது. புகார்களை அதுவரைக்கும் ஞாபகம் வைத்திருப்பதுதான் அத்தைக்குக் கஷ்டமாக இருக்கிறதாம்.