ஈட்டிக்காரி ஏன் தோற்றாள்: ஆயுத விதி நாட்குறிப்பு

மார்ச் 2, ஞாயிறு

நேற்று ராத்திரி மொட்டை மாடியில் முதல் சோதனை ஆட்டம். ஆறு மாதமாக எழுதிக்கொண்டிருக்கும் என் கற்பனை உலக ஆட்டத்தை, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடுவதை, நாலு பேர் உட்கார்ந்து விளையாடிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஒரு மரப்பாலம், அதன் நடுவில் மூன்று கொள்ளையர்கள், அவ்வளவுதான். அரை மணியில் முடியும் என்று நினைத்த சண்டை இரண்டு மணி நேரம் இழுத்துவிட்டது.

காரணம் என் அட்டவணை. 18 ஆயுதம், 4 வகைக் கவசம், ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கூட்டலோ கழித்தலோ, ஆக 72 கட்டம். தம்பி முதலில் ஒவ்வொரு அடிக்கும் "அண்ணா, கோடரிக்கும் தோல் கவசத்துக்கும் எவ்வளவு?" என்று தாளைப் புரட்டிக்கொண்டிருந்தான், அப்புறம் புரட்டுவதையே விட்டுவிட்டான். அவன் விட்டதும்தான் ஆட்டம் சூடு பிடித்தது. இரண்டு வாரம் உட்கார்ந்து நிரப்பிய கட்டங்கள் அவை.

அதைவிட உறுத்தியது வேறொன்று. கூட வேலை செய்யும் அக்கா ஒருவர் விளையாட வந்திருந்தார், இந்த மாதிரி ஆட்டம் அவருக்குப் புதிது. எட்டடி ஈட்டி எடுத்துக்கொண்டார். குத்துவாள் வைத்திருந்த கொள்ளையன் நேரே நடந்துவந்து அவரைக் குத்திவிட்டான். "என் ஈட்டி எட்டடி நீளம்ப்பா, அவன் எப்படி உள்ளே வந்தான்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. என் விதியில் ஈட்டிக்கும் குத்துவாளுக்கும் இருந்த ஒரே வித்தியாசம் அடிக்கு உருட்டும் பகடை: அது டி6 (ஆறு முகம்), இது டி4 (நாலு முகம்).

மார்ச் 3, திங்கள்

அட்டவணையைக் கிழித்துவிட்டேன்.

இந்தப் பாதையில் எனக்கு முன்னால் பலர் நடந்திருக்கிறார்கள். 1974-இல் இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் முன்னோடியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தபோது குத்துவாளோ இருகை வாளோ, எல்லாவற்றுக்கும் ஒரே ஆறுமுகப் பகடைதான். அடுத்த வருடமே துணை விதிகளில் ஆயுதத்துக்கு ஆயுதம் பகடை மாறியது. 1978 விதிப்புத்தகத்தில் எந்த ஆயுதம் எந்தக் கவசத்துக்கு எப்படி என்று ஒரு பெரிய அட்டவணையே இருந்தது, 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அது இல்லை. 2024 பதிப்பைப் பாருங்கள், ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள்: ஒன்று எதிரியைத் தள்ளும், ஒன்று கீழே விழவைக்கும், ஒன்று அவன் வேகத்தைக் குறைக்கும். எனக்கும் அதுதான் வேண்டும். எத்தனை புள்ளி அடிக்கிறது என்பது அப்புறம். அதைக் கையில் எடுத்தவர் வேறு மாதிரி நகர வேண்டும், வேறு மாதிரி யோசிக்க வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

இன்று முழுக்கக் கணக்கு. கவசம் அடியிலிருந்து கழிக்கும் என்பதை மாற்றப்போவதில்லை, சங்கிலிக் கவசத்துக்கு 3, தகட்டுக் கவசத்துக்கு 5. ஆனால் இதைப் போட்டுப் பார்த்தால் சின்ன ஆயுதம் எல்லாம் செத்துப்போகிறது. குத்துவாள் டி4, சராசரி 2.5. சங்கிலிக் கவசத்துக்கு எதிரே நாலு விழுந்தால் மட்டும் ஒரு புள்ளி உள்ளே போகும், சராசரி 0.25. பத்தில் ஒன்று! டி12 கோடரியோ 6.5-இலிருந்து 3.75-க்குத்தான் இறங்குகிறது. ஐரோப்பாவில் 15-ஆம் நூற்றாண்டு மாவீரர்கள் தகட்டுக் கவசம் பூட்டிக்கொண்டு இடுப்பில் குத்துவாளும் செருகியிருந்தார்கள், எதிரியைக் கீழே தள்ளி முகமூடி இடுக்கிலும் அக்குளிலும் செருகத்தான். கவசத்துக்கு எதிரான ஆயுதமே என் விதியில் கவசத்தைப் பார்த்துப் பயப்படுகிறது.

தண்டாயுதம் மட்டும் அழகாக உட்கார்ந்துவிட்டது. மழுங்கிய ஆயுதத்துக்குக் கவசம் பாதிதான் கணக்கு, பின்னத்தை விட்டுவிடலாம். தகட்டுக் கவசத்துக்கு எதிரே வாளுக்கு டி8, சராசரி 0.75. தண்டத்துக்கு டி6, சராசரி 1.67. கவசம் இல்லாதவன் முன்னால் வாள்தான் மேல். ஒரே ஒரு வரி விதி, எந்தத் தாளையும் பார்க்க வேண்டாம்.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் மைதானத்தில் சிலம்பம் சொல்லித்தரும் இடத்துக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். புருவ மட்டத்துக்கு நிற்கும் கம்போடு ஒரு பெண், இரண்டு கையிலும் குட்டைக் கம்போடு ஒரு பையன். பதினைந்து வயதுதான் இருக்கும் இரண்டு பேருக்கும். அவள் கம்பைச் சுற்றும்வரை அவனால் ஒரு அடி முன்னால் வைக்க முடியவில்லை. கால் விரலை முன்னால் தேய்ப்பான், கம்பு நுனி மணிக்கட்டுக்கு நேரே வந்து நிற்கும், பின்வாங்குவான். ஒரே ஒரு தடவை அவள் கம்பு மேலே போயிருந்தபோது சட்டென்று புகுந்தான், அவ்வளவுதான், அதன்பின் அந்த நீளக் கம்பால் அவளுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை, முழங்கையை மடக்கக்கூட இடம் இல்லை. பின்னால் குதித்துக் குதித்து இடைவெளியை மீட்டாள்.

ஆசானிடம் கேட்டேன். "உள்ள வந்துட்டா கம்பு பாரம் தம்பி, வரவிடாம பாத்துக்கறதுதான் வித்தை" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் எழுதினேன். மூன்று தூரம்: ஈட்டித் தூரம், வாள் தூரம், கை தூரம். ஒவ்வொரு ஆயுதமும் ஒரு தூரத்துக்குச் சொந்தம். நீள ஆயுதத்தை மீறி உள்ளே வர வேண்டுமென்றால் இரண்டு பேரும் டி20 உருட்ட வேண்டும், சமமாக விழுந்தால் நீள ஆயுதத்துக்கு வெற்றி. தோற்றவன் வெளியேயே நிற்பான், ஒரு குத்தும் வாங்குவான். உள்ளே வந்துவிட்டால், ஈட்டிக்காரர் விலகும்வரை அவருக்கு நாலு கழியும்.

மார்ச் 12, புதன்

வாளுக்கு நாலு கிலோ என்று போட்டிருந்தேன், தவறு. நடுக்கால ஐரோப்பிய நீள்வாளே பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவைச் சுற்றித்தான். ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து வீசிப் பார்த்தேன். வாள் பிடிக்கக் குறைந்தபட்ச உடல்பலம் வேண்டும் என்ற விதியை எடுத்துவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

அதே பாலம், அதே கொள்ளையர்கள். 35 நிமிடத்தில் முடிந்தது.

அக்கா மறுபடி ஈட்டி. முதல் கொள்ளையன் புகப் பார்த்தான், அவன் 9, அக்கா 14, குத்து வாங்கிப் பின்வாங்கினான். மாடியில் ஒரு கூச்சல்! அடுத்த சுற்றில் தம்பி தன் வாளைப் போட்டுவிட்டுச் செத்துப்போன காவலாளியின் ஈட்டியை எடுத்து அக்கா பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "இப்ப அவன் ரெண்டு பேரையும் மீறணுமா அண்ணா?" என்று கேட்டான். நான் அப்படி எழுதவே இல்லை, ஆனால் ஆமாம் என்று சொல்வதைத் தவிர வேறு நியாயம் இல்லை. ராத்திரி கணக்குப் போட்டேன். சம திறமை என்றால் ஒற்றை ஈட்டியை மீற 47.5 சதவீதம். இரண்டு ஈட்டி என்றால் 31-க்குக் கீழே. மூன்று என்றால் 23-ஐக்கூடத் தொடவில்லை. தோளோடு தோள் நிற்கும் ஈட்டி வரிசையைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதாமலேயே ஆடுபவர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

மார்ச் 19, புதன்

காலேஜ் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்கு வளரி, அதாவது வளைந்த எறி ஆயுதம், வேண்டுமாம். கேட்டதும் பிடித்துவிட்டது. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி, சின்ன மருது தனக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்ததாக 1830-இல் வெளியான தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார், நூறு கஜத்துக்குள் குறி தப்பாதாம். கற்றுக்கொடுத்தவரை 1801-இல் கும்பினிக்காரர்கள் தூக்கில் போட்டார்கள். இதை வெறும் டி6 எறி ஆயுதமாக எழுத எனக்கு மனம் வரவில்லை. ஓடுபவன் காலில் எறிவதுதான் அதன் குணம், அதனால் இப்படி வைத்தேன்: இந்தச் சுற்றில் நகர்ந்தவன் மேல் பட்டால் அவன் விழுவான், நின்ற இடத்தில் நிற்பவனுக்குச் சாதாரண அடிதான். எறிந்த வளரியைப் போய்த்தான் எடுத்துவர வேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு

குத்துவாளுக்கு வழி கிடைத்துவிட்டது, வளரி வழியாகவே. கை தூரத்தில், விழுந்து கிடப்பவன் மேலோ பிடியில் சிக்கியவன் மேலோ குத்துவாள் இறங்கினால் கவசம் கணக்கில்லை.

நேற்றைய ஆட்டத்தில் தகட்டுக் கவசம் பூண்ட தளபதி ஒருவன். மூன்று சுற்று எல்லோரும் அடித்தார்கள், எதுவும் ஏறவில்லை. நாலாவது சுற்றில் அவன் வாயிலை நோக்கி ஓடினான். பையன் வளரியை எறிந்தான், 17, தளபதி குப்புற விழுந்தான். அக்கா ஒரு நிமிடம் தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஈட்டியைக் கீழே போட்டுட்டுக் கத்தியை எடுக்கறேன், அவன் முதுகு மேல உக்கார்றேன்" என்றார். முதல் வாரம் டி6 எது என்று கேட்டவர். பகடையில் மூன்று, அதற்கு முன் யாராலும் கொடுக்க முடியாத மூன்று. அடுத்த சுற்றில் நாலு.

இனி வில். எத்தனை அம்பு மிச்சம் என்று எண்ணுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. எண்ண வேண்டாம் என்கிறான் தம்பி. தீர்ந்துபோகும் என்ற பயம் இல்லாவிட்டால் வில்காரர் எதற்குப் பார்த்துப் பார்த்து எய்ய வேண்டும்? சனிக்கிழமை இரண்டு விதமாகவும் ஆடிப் பார்க்கிறோம்.